நெஞ்சிறுக்கமும் மூவகை மருத்துவமும்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. சோளகக் காற்று உண்டு. தென்மேற்கிலிருந்து அக்காற்று எழுங் காலத்தில் அதனை எதிர்த்துத் துவிச்சக்கரவண்டி மிதிப்பவனுக்கு அதுவே மலையாகும். சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒருநாட் காலை, உண்ட கையோடு கல்லூரிக்குப் புறப்பட்ட யான், வயல்வெளித் தெருவில் அக்காற்றோடு மல்லாடிச் சென்றேன். நடுமார்பினை யாரோ கயிறிட்டு இறுக்குவது போன்ற ஓர் உணர்ச்சி தோன்றியது. இடத்தோளும் கனத்தது. இறங்கிப் பூவரசமர நிழலில் நின்றேன். மூன்று நான்கு நிமிடங்களில் இறுக்கம் தானாகவே விட்டது. மீண்டும் ஏறி மிதித்தேன், மீண்டும் வந்தது.

வாய்வு என்றே முடிவு செய்தேன். மார்பில் எது நிகழினும் அதற்கு வாய்வு என்று பெயரிடுவது நம்மவர் வழக்கமன்றோ? வேர்க்கொம்பும் உள்ளியும் இட்ட கசாயத்தை இரண்டு கிழமை குடித்தேன். காற்றுக்கு எதிரே செல்லுங் காலைகளில் இறுக்கம் வருவதையும், காற்றோடு வீடு திரும்பும் மாலைகளில் வராதிருப்பதையும் கண்டும், அவ்வேறுபாட்டின் பொருளை ஆராய்ந்திலேன். செய்யுளில் ஒரு சொல் இடம்மாறி நின்றால் அரைநாள் ஆராயும் பழக்கமுடைய யான், என் உடம்பு பலநாள் திருப்பித் திருப்பிச் சொன்ன ஒரு வாக்கியத்தை வாசியாது விட்டேன்.

அதனை எனக்கு வாசித்துக் காட்டியவர், முன்னொருகால் என்னிடம் தமிழ் படித்து இன்று இதயநோய் வைத்தியராய் விளங்கும் ஒருவர். "எப்படி ஐயா நோகுது?" என்று கேட்டார். "நெஞ்சை ஏதோ பிசைகிறது, தம்பி" என்றேன். அவர் சிரித்தார். "நெஞ்செண்டால் எது ஐயா? மனமோ, மார்போ? இரண்டும் ஒரு சொல்லெண்டு படிப்பிச்சது நீங்கள்தானே. எவ்விடம், எப்ப, எத்தனை நிமிசம், என்ன செய்தால் தணியுது? இந்த நாலையுஞ் சொல்லுங்கோ" என்றார். கையை முட்டியாக மடித்து நடுமார்பில் வைத்துக் காட்டினேன். ஏனைய மூன்றிற்கும் விடை கூறினேன். கூறிக்கொண்டிருக்கும்போதே எனக்குந் தெளிந்தது.

நோய் நெஞ்சிறுக்கம். மேனாட்டார் அதனை அஞ்சைனா என்பர். யான் வைத்தியனல்லேன். எனினும் இந்நோய்க்கு இன்றுள்ள மருத்துவம் எத்தனை வகை, எவ்வகை யாருக்கு ஏற்றது என்பவற்றை ஓராண்டாகக் கேட்டும் வாசித்தும் அறிந்தவாறு எழுதுகின்றேன். நம்மிற் பலர் நோயின் பெயரைக் கேட்டதும், வெட்டினாலன்றித் தீராது என்று ஒரு கரைக்கும், கசாயம் போதும் என்று மறு கரைக்கும் ஓடுகின்றோம். ஆற்றின் நடுவே பாதை உண்டு.

பெயரிட்டவர்

இந்நோய்க்கு அஞ்சைனா என்று பெயரிட்டவர் இலண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன். கிரேக்கமும் இலத்தீனும் ஆழக் கற்ற மொழிப்புலவர் அவர். 1768 ஆம் ஆண்டு ஆடி மாதம் இலண்டன் வைத்தியர் கழகத்தில் இந்நோயைப் பற்றிய தம் கட்டுரையை வாசித்தார். 1772 இல் அஃது அச்சேறியது. அஞ்சைனா என்பது குரல்வளையை நெரித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் அடியிற் பிறந்த சொல். நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, அதிலும் உண்டபின் ஏறும்போது இறுக்கம் வரும்; நின்றால் உடனே நீங்கும் என்று அவர் எழுதினார். மேட்டை எடுத்துவிட்டுச் சோளகத்தை வைத்தால் அஃது என் கதையே.

அவர் காலத்தில் மார்பில் வைத்துக் கேட்கும் குழாய்தானும் இல்லை. அது 1816 இலேதான் தோன்றியது. நோயாளர் சொல்லியதைக் கேட்டு, சொற்களை நிறுத்துப் பார்த்து, ஒரு நோயைப் பிற நோய்களினின்றும் பிரித்தெடுத்தார் ஹெபர்டன். இன்றும் இந்நோயை அறியும் முதற்கருவி நோயாளியின் வாய்மொழியே. ஓய்ந்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி. படத்தில் இந்நோய் தோன்றாமலும் போகலாம். என் படம் பழுதின்றியே இருந்தது. படம் நன்று என்று வீடு திரும்புவோர் இதனை மறத்தலாகாது.

ஒன்று கூறவேண்டும். எல்லாருக்கும் இந்நோய் இறுக்கமாகவே வருவதில்லை. பெண்கள், முதியோர், நீரிழிவு உடையோர் ஆகியோர்க்கு மூச்சு இளைப்பாகவோ, காரணமற்ற களையாகவோ, தாடை நோவாகவோ, வயிற்று மேற்புறத்து எரிவாகவோ வருவதும் உண்டு.

முடியுரு நாடி

ஹெபர்டனுக்கு நோயின் காரணம் தெரியாது. அதனை முதலில் உய்த்துணர்ந்தோருள் ஒருவர் அம்மைப்பால் கண்ட எட்வேட் ஜென்னர். இந்நோயால் இறந்த ஒருவரின் இதயத்தை அறுத்து ஆராய்கையில், அதன் நாடிகள் தடித்து இறுகியிருக்கக் கண்டார். ஆயின் அவருடைய ஆசானாகிய ஜோன் ஹன்ரர் என்னும் சத்திரவைத்தியருக்கும் அந்நோயின் குறிகள் தோன்றியிருந்தமையால், ஆசான் மனம் வருந்துமே என்று தம் கருத்தை வெளியிடாது அடக்கினார். 1793 இல் ஒரு கூட்டத்தில் நிகழ்ந்த வாக்குவாதத்தினிடையே ஹன்ரர் சாய்ந்து மாண்டார். அவருடைய நாடிகளும் அவ்வாறே இறுகியிருந்தன. மாணவன் ஆசானிடத்து வைத்த அன்புக்கு இதனினும் துயரமான சான்றை யான் அறியேன்.

இதயத்துக்குக் குருதி ஊட்டும் நாடிகள் அதன் மேற்புறத்தைச் சூழ்ந்து முடிபோற் கிடத்தலின் அவற்றை முடியுரு நாடிகள் என்கின்றன நம் பாடநூல்கள். அந்நாடிகளின் உட்சுவரிற் கொழுப்புப் படிந்து வழி குறுகும்போது, ஓய்ந்திருக்கையிற் போதுமாயிருந்த குருதி உழைக்கும்போது போதாதாகின்றது. ஒட்சிசன் பெறாத இதயத்தசையின் முறையீடே நெஞ்சிறுக்கம். உழைப்பை நிறுத்தினால் முறையீடும் நிற்கும். மாரடைப்பு என்பது வேறு. படிந்த கொழுப்பு திடீரென வெடித்து, அதன்மேற் குருதி உறைந்து வழி முற்றாய் அடைபடுவது அது.

இத்தகைய செய்திகளைத் தமிழிற் சொல்லல் ஆகுமோ என்று ஐயுறுவோர், நம் மண்ணிலே அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் செய்த பணியை நினைக்க. 1847 இல் இங்கு வந்த அவர், மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்து, அங்காதிபாதம், இரணவைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார்.

முதலாவது வகை: குளிசை

இனி மருத்துவத்துக்கு வருவோம். நெஞ்சிறுக்கத்துக்குரிய குளிசைகளை இரண்டு பகுதியாகப் பிரித்தறிதல் வேண்டும். ஒரு பகுதி நோவைத் தணிப்பது. மறுபகுதி உயிரைக் காப்பது. இரண்டாம் பகுதிக் குளிசைகளை உண்பவன், உண்டதன் பயனை அன்றன்று உணரான். அதனாலேயே பலர் அவற்றை இடைநடுவில் நிறுத்திவிடுகின்றனர்.

நோவைத் தணிப்பனவற்றுள் மூத்தது நைத்திரோகிளிசரின். 1867 இல் லோடர் பிரன்ரன் என்னும் எடின்பரோ வைத்தியர், அமைல் நைத்திரைற்று என்னும் ஆவியை முகரச் செய்து இறுக்கத்தைத் தணித்தார். 1879 இல் வில்லியம் மரல் என்பவர் நைத்திரோகிளிசரினை அவ்வாறே பயன்படுத்தி எழுதினார். அப்பொருளே அல்பிரட் நோபல் தைனமைற்று வெடிமருந்து செய்து செல்வராவதற்கு மூலமாயிற்று. முதுமையில் அவருக்கும் இதயநோய் வந்தது. 1896 இல் வைத்தியர் அவருக்கு விதித்த மருந்தும் நைத்திரோகிளிசரினே! இவ்விதியின் விளையாட்டை அவரே நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் வியந்துள்ளார். அம்மருந்து உடலில் நைத்திரிக்கொட்சைட்டு என்னும் வாயுவைத் தந்து குருதிக் குழாய்களைத் தளரச் செய்கின்றது. அவ்வாயுவின் தொழிலை விளக்கிய பேர்ச்கொற், இக்னாரோ, முறாட் என்னும் மூவருக்கும் 1998 இல் வழங்கப்பட்டது நோபல் பரிசேயாம்.

இக்குளிசையை நாவின்கீழ் வைக்கும்போது அமர்ந்திருத்தல் வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் குருதியமுக்கம் தாழ்ந்து மயங்கி விழல் கூடும். ஒளிபுகாத கண்ணாடிக் குப்பியிலேயே அதனை வைத்தல் வேண்டும். காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தால் வீரியம் இழக்கும். ஆண்மைக் குறைவுக்கென உண்ணும் சில்டெனாபில் முதலிய குளிசைகளோடு இது சேர்ந்தாற் குருதியமுக்கம் உயிருக்கே இடராகும்படி வீழ்ந்துவிடும். வெட்கத்தால் இதனை வைத்தியருக்கு மறைப்பவர் தமக்கே தீங்கு தேடுபவர்.

இதயத்தின் வேகத்தைக் குறைத்து அதன் தேவையைச் சுருக்கும் குளிசைகள் இன்னொரு குலத்தவை. 1960களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பிளாக் என்பவர் ஆக்கிய புறொப்பிரனலோல் அக்குலத்தின் முதல்வருள் ஒன்று. அவர் 1988 இல் நோபல் பரிசு பெற்றார். வரவைக் கூட்ட இயலாவிடத்துச் செலவைக் குறைக்கும் குடும்பத் தலைவியின் உபாயமே இம்மருந்தின் உபாயம். இதனைத் திடீரென நிறுத்துதல் ஆகாது. ஈளை உடையோர் முன்னரே சொல்லுதல் வேண்டும்.

உயிரைக் காப்பனவற்றுள் ஒன்று அஸ்பிரின். குருதி உறைதலைத் தடுப்பது. மற்றொன்று கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின். யப்பானியராகிய அகிரா என்டோ 1970களில் ஒருவகைப் பூஞ்சணத்திலிருந்து இக்குலத்தின் முதன்மருந்தைப் பிரித்தெடுத்தார். 1994 இல் ஸ்கந்திநேவிய நாடுகளில் 4444 இதயநோயாளரை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. ஸ்ரற்றின் உண்டோரிடையே மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது.

இவற்றோடு சேர்த்து எண்ணவேண்டியது புகையை விடுதல். புகையிலை விளையும் நாடு நம் நாடு. சுருட்டுப் பிடித்தல் நம் முதியோர்க்கு ஓர் அந்தஸ்து. ஆயினும் புகையை விடாது குளிசை உண்பவன், ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பவனே.

இரண்டாவதும் மூன்றாவதும்: வலைக்குழாயும் கத்தியும்

1977 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 16 ஆந் திகதி, சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் அந்திரியாஸ் குறுன்சிக் என்னும் வைத்தியர், 38 வயதுடைய ஒருவரின் முடியுரு நாடியுள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் நுனியிலிருந்த சிறு பலூனை ஊதி, குறுகிய வழியை விரித்தார். நோயாளி விழித்திருந்தார், பின் பல்லாண்டு நலமாக வாழ்ந்தார். விரித்த வழி மீண்டுஞ் சுருங்காதபடி ஸ்ரென்ற் எனப்படும் உலோக வலைக்குழாயை உள்ளே நிறுத்தும் முறை 1986 இல் வந்தது. இன்று மணிக்கட்டின் நாடி வழியாகவே இதனைச் செய்கின்றனர். பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புவர். ஆனால் வலைக்குழாய் வைத்தபின் குருதி உறையாதிருக்க இரண்டு குளிசைகளை மாதக்கணக்கில் உண்ணவேண்டும். வைத்தியரைக் கேளாது அவற்றை விட்டவருக்குக் குழாயே அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, மாற்றுவழிச் சத்திரசிகிச்சை. ஆர்ஜென்ரீன நாட்டுப்புறத்தில் பன்னீராண்டு வைத்தியம் செய்த இரேனே பவலோரோ என்பவர் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகருக்குச் சென்று, 1967 இல் இம்முறையை நிலைநாட்டினார். காலிலிருந்து ஒரு நாளத்தை எடுத்து, அடைப்பினைக் கடந்து குருதி செல்லுமாறு பொருத்துவது இது. வாய்க்கால் அடைபட்டவிடத்து அருகே வேறொரு கிளை வெட்டி வயலுக்கு நீர் பாய்ச்சும் கமக்காரனின் முறையே இதுவும். மார்பெலும்பைப் பிளத்தலால் தேற இரண்டு மூன்று மாதங்கள் செல்லும்.

இரண்டு வினாக்கள்

மூன்றனுள் எது சிறந்தது என்று கேட்பதே எங்கள் இயல்பு. அவ்வினாவைப் பிளந்து இரண்டாகக் கேட்டல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் சாரம். இஃது என் நோவைக் குறைக்குமா? இஃது என் வாழ்நாளைக் கூட்டுமா? இவ்விரண்டிற்கும் விடை ஒன்றன்று.

குறுகிய நாடியை விரித்தவுடன் வாழ்நாளும் விரியும் என்றே உலகம் நெடுநாள் எண்ணியது. 37 நாடுகளில் 5179 நோயாளரைக் கொண்டு நடந்து 2020 இல் வெளியான ஒரு பேராய்வு அவ்வெண்ணத்தைத் திருத்தியது. உழைக்கும்போது மட்டும் வரும் நிலைத்த நோயுடையோரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாருக்கு நல்ல குளிசைகளோடு வலைக்குழாயோ சத்திரசிகிச்சையோ முதலிலேயே செய்தனர். மறு கூற்றாருக்குக் குளிசைகளை மட்டும் முதலிற் கொடுத்தனர். மூன்று ஆண்டுக்கு மேலாகப் பார்த்தும் மரணத்தில் இரு கூற்றாரிடையே வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அடிக்கடி நோவுற்றோருக்கு முதலாங் கூற்றிலேயே நோவு நன்கு குறைந்தது. 2023 இல் வெளியான இன்னோர் ஆய்வில், நோவுக்குக் குளிசை உண்ணாதோர் 301 பேருள் ஒரு பகுதியாருக்கு வலைக்குழாய் வைத்தும், மறுபகுதியாருக்கு வைப்பது போலப் பாவனை செய்தும் பார்த்தனர். வலைக்குழாய் நோவை மெய்யாகவே குறைக்கும் என்பது துணியப்பட்டது.

ஆகவே நிலைத்த நோயில், வலைக்குழாய் பெரும்பாலும் நோவுக்கு மருந்து. இதற்கு விலக்குகளும் உண்டு. இடப்புறத்துத் தாய்நாடி குறுகியிருத்தல், இதயத்தின் வலிமை பெரிதுங் குன்றியிருத்தல் ஆகிய நிலைகளிற் சத்திரசிகிச்சை வாழ்நாளையே நீட்டக்கூடும். நீரிழிவோடு பல நாடிகள் பழுதுற்றோர்க்கும் அவ்வாறே: 2012 இல் வெளியான, 1900 நீரிழிவு நோயாளரைக் கொண்ட ஆய்வில், வலைக்குழாயினும் மாற்றுவழிச் சத்திரசிகிச்சையே உயிரை மிகுதியாகக் காத்தது. என் உடனாசிரியர் ஒருவர் இவ்வகையினர். கத்திக்கு அஞ்சி ஆறு மாதம் தயங்கினார், பின் இசைந்தார். இன்று அவர் மாலையில் என்னிலும் விரைந்து நடக்கின்றார்.

தாமதம் பொறாத நோவு

மேற்கூறியன எல்லாம் ஆற அமர ஆராய இடந்தரும் நோய்க்கே பொருந்தும். அவ்விடந்தராத நோவு ஒன்று உண்டு. ஓய்ந்திருக்கையிலேயே வருவது, புதிதாய்த் தோன்றி நாளுக்கு நாள் மிகுவது, நின்றும் அமர்ந்தும் நாவின்கீழ்க் குளிசை வைத்தும் ஐந்து நிமிடத்தில் தணியாதது, வியர்வையோடும் வாந்தியோடும் வருவது. இவை மாரடைப்பின் குரல்கள். அந்நேரத்தில் அடைத்த நாடியை விரைந்து திறத்தல் நோவுக்கு மட்டுமன்று, உயிருக்கே மருந்து. கடக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் இதயத்தசை மடிகின்றது.

எங்கள் இலக்கிய வட்டத்து நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு மார்பு நோவோடு எழுந்தார். மனையாள் அயலாரை எழுப்ப முற்பட்டபோது, "சனங்களை ஏன் கஷ்டப்படுத்துவான், விடியட்டும்" என்று தடுத்து, இஞ்சிச்சாறு வாங்கிக் குடித்தார். விடிந்தது, அவர் காணவில்லை. பிறருக்கு இடையூறு செய்யலாகாது என்னும் நற்குணமே அவரைக் கொன்றது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் நோயாளர் காவுவண்டி கட்டணமின்றி வருகின்றது. அந்த நாலு எண்ணையும் சுவரில் எழுதி வைத்தல் ஒவ்வொரு வீட்டாருக்குங் கடன்.

என் முடிவு

என் நாடிகளைப் படம் பிடித்தபோது ஒரு நாடி குறுகியிருந்தது, தாய்நாடி நன்றாயிருந்தது, இதயத்தின் வலிமையும் குன்றவில்லை. கனடாவிலுள்ள என் தம்பி இரவிரவாகத் தொலைபேசியில் மன்றாடினான். "அண்ணை, காசைப் பற்றி யோசியாதேங்கோ, கொழும்புக்குப் போய் உடனை செய்யுங்கோ" என்றான். அவன் அன்பைத் தட்டவும் இயலவில்லை. அவன் அச்சத்துக்காக என் மார்பைக் கொடுக்கவும் மனம் இசையவில்லை. வைத்தியரிடம் அவ்விரண்டு வினாக்களையும் வேறுவேறாகக் கேட்டேன். "வாழ்நாளுக்குக் குளிசையே போதும் ஐயா. நோவு குளிசைக்கு அடங்காட்டில் அப்ப குழாய் வைப்பம். கதவு பூட்டப்படேல்லை" என்றார். தம்பிக்கு அவ்விடையை அப்படியே வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாதிருந்து, "அப்ப குளிசையை ஒழுங்காய் எடுங்கோ" என்றான்.

மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், மருத்துவத்துக்கு நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என நான்கு கூறுகளை வகுத்துள்ளார். அவ்வதிகாரத்தை முப்பது ஆண்டாகப் படிப்பித்தும், நோயாளியையும் ஒரு கூறாக எண்ணியதன் காரணத்தைச் சென்ற ஆண்டிலேதான் உணர்ந்தேன். தன் நோவைத் திருத்தமாகச் சொல்பவனும், தனக்குரிய வினாவைத் தெளிவாகக் கேட்பவனும், கொடுத்ததைத் தவறாது உண்பவனும் அவனே. அவன் பங்கு பழுதாயின் ஏனைய மூன்றும் பயன்படா.

இவ்வாண்டுச் சோளகமும் எழுந்தது. யான் வண்டியை மெல்ல மிதித்துச் செல்கின்றேன். காற்று மிகுந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கின்றேன். நாலைந்து முறைதான் இறுக்கம் வந்தது. அப்போதெல்லாம் அதே பூவரசின் கீழ் அமர்ந்து, குப்பியைத் திறந்து, எத்தனை நிமிடம் என்று மணிக்கூட்டைப் பார்க்கின்றேன். அடுத்த முறை வைத்தியரிடம் திருத்தமாகச் சொல்லவேண்டுமன்றோ?